முதலை முதுகில் ஏறலாமா? கதைகளை வைத்து ஒரு தீம் பார்க் பகுதியை அமைப்பது எப்படி

நம் ஊர்ப் பூங்காக்களில் நிற்கும் பென்குயின் குப்பைத் தொட்டியைப் பார்க்காதவர்கள் குறைவு. வாயைப் பிளந்துகொண்டு, வயிற்றில் 'என்னைப் பயன்படுத்தவும்' என்ற எழுத்தோடு நிற்கும். சில இடங்களில் பென்குயினுக்குப் பதில் முயல். குழந்தைகள் அதன் தலையைத் தட்டிப் பார்ப்பார்கள், வாய்க்குள் எட்டிப் பார்ப்பார்கள், அப்புறம் ஊஞ்சலுக்கு ஓடிவிடுவார்கள்.

நெதர்லாந்தில் எஃப்டலிங் என்றொரு பூங்கா இருக்கிறது. அங்கேயும் வாயைப் பிளந்த குப்பைத் தொட்டி உண்டு. 1959-ல் வைத்தார்கள். ஹோலே போலே கைஸ் என்று பெயர். அந்த ஊர்க் குழந்தைப் பாட்டில் வரும் தீராத பசிக்காரன். 'காகிதத்தை இங்கே போடு' என்று கூப்பிடுவான். காகிதத்தை வாயருகே கொண்டுபோனால் விசுக்கென்று காற்றோடு உறிஞ்சிக்கொள்வான், நன்றியும் சொல்வான். குழந்தைகள் அவனுக்குத் தீனி தேடி, கீழே கிடக்கும் காகிதத்தையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வருகிறார்கள்.

இரண்டுமே குப்பைத் தொட்டிதான். பென்குயின் ஒரு பொம்மை. கைஸுக்குப் பசிக்கிறது. அதனால் குழந்தைக்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது.

கதைகளை வைத்துப் பூங்கா அமைப்பதில் முதலில் பிடிபட வேண்டியது இதுதான். 'இந்தக் கதையில் யார் யார் வருகிறார்கள்?' என்று கேட்டால் சிலைகள் கிடைக்கும். 'இந்தக் கதையில் என்ன நடக்கிறது, அதில் குழந்தை எதைச் செய்யலாம்?' என்று கேட்டால் விளையாட்டு கிடைக்கும். நம் ஊரில் முதல் கேள்வியோடு வேலையை முடித்துவிடுகிறோம். சிமென்ட் யானை, சிமென்ட் சிங்கம், பக்கத்தில் கதையை எழுதிய பலகை. அந்தப் பலகையை நின்று படிப்பது பெரும்பாலும் தாத்தாக்கள்தான்.

சரி, தீம் பார்க் என்றாலே ராட்சத ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. சென்னையைச் சுற்றியுள்ள பெரிய கேளிக்கைப் பூங்காக்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை, திருப்போரூர்ப் பக்கம், செம்பரம்பாக்கம் பக்கம் என எல்லாம் தெற்கிலும் மேற்கிலுமே இருக்கின்றன. வியாசர்பாடியிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ ஒரு குடும்பம் அங்கே போய்வர ஒரு முழு நாளும் நல்ல தொகையும் வேண்டும். நம் வடசென்னைக் குழந்தைகளுக்குத் தீவுத்திடல் பொருட்காட்சியும் கோவில் திருவிழாவில் கையால் சுற்றும் ராட்டினமும்தான் தீம் பார்க். ஆனால் கதைப் பகுதி அமைக்க நூறு ஏக்கர் தேவையில்லை. தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு ஏக்கர், அதாவது 43,560 சதுர அடி இடம் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். அதில் என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே இந்தத் துறையின் அடிப்படைகளைப் பார்த்துவிடலாம்.

கொஞ்சம் முன்கதை

கதைப் பூங்காக்கள் பெரிய பெரிய ரைடுகளோடு தொடங்கவில்லை. 1950-ல் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரத்தில், ஓர் ஏரிக்கரையில் சில்ட்ரன்ஸ் ஃபேரிலேண்ட் என்ற சின்னப் பூங்காவைத் திறந்தார்கள். அதன் நுழைவாயில் ஒரு பெரிய ஷூ. ஆங்கிலக் குழந்தைப் பாட்டில் ஒரு கிழவி குடியிருக்கும் அதே ஷூ. வாசலைக் குழந்தைகளின் உயரத்துக்கு வைத்ததால் பெரியவர்கள் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். யாருக்கான இடம் இது என்பது வாசலிலேயே புரிந்துவிடும். பிற்பாடு அங்கே ஒரு சாவியும் வந்தது. குழந்தை அதை வாங்கிக்கொண்டு போய் ஆங்காங்கே இருக்கும் பெட்டிகளில் திருகினால் பெட்டி கதை சொல்லும். வால்ட் டிஸ்னி தன் பூங்காவைக் கட்டுவதற்கு முன் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

எஃப்டலிங்கின் தேவதைக் கதைக் காடு 1952-ல் வந்தது. ஆன்டன் பீக் என்ற ஓவியர் வரைந்து கொடுத்த பத்துக் கதைகளோடு தொடங்கியது. மரங்களுக்கு நடுவே நடந்துபோனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கதை. அதன்பின் 1955 ஜூலையில் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட். (நம் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் முதல் பெட்டியை நேரு வழியனுப்பி வைத்ததும் அதே 1955-ல்தான், அக்டோபர் 2-ம் தேதி. நாம் நிஜ ரயில் செய்துகொண்டிருந்தோம்.)

இன்னொரு வகையும் உண்டு. ஜப்பானில் 2022-ல் திறந்த கிப்லி பார்க், கிப்லி என்ற கார்ட்டூன் பட நிறுவனத்தின் கதைகளை வைத்து அமைத்தது. அங்கே பெரிய ரைடுகள் கிடையாது. அந்த நிறுவனத்தின் ஒரு படத்தில் வரும் அக்காள் தங்கையின் வீட்டை அப்படியே கட்டியிருக்கிறார்கள். 2005 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய வீடு அது. உள்ளே போய் அலமாரியின் இழுப்பறையைத் திறக்கலாம். திறந்தால் உள்ளே அந்தக் குடும்பத்தின் துணிமணி இருக்கும். அவ்வளவுதான் ஆட்டம். பணம் குறைவாக இருக்கும் இடத்துக்கு இந்த உதாரணம் பெரிய தெம்பு.

குழந்தை அங்கே யார்?

டிஸ்னிலேண்டின் ஆரம்ப காலத் தடுமாற்றம் ஒன்று இந்தக் கேள்விக்கு நல்ல பாடம். ஸ்நோ ஒயிட் கதையை வைத்து ஒரு இருட்டுச் சவாரி அமைத்தார்கள். சின்ன வண்டியில் உட்கார்ந்தால் காட்டுக்குள்ளும் சூனியக்காரியின் அறைக்குள்ளும் போய்வரும். வடிவமைத்தவர்களின் எண்ணம், சவாரி செய்பவரே ஸ்நோ ஒயிட் என்பது. அதனால் ஸ்நோ ஒயிட்டின் உருவத்தை எங்கேயும் வைக்கவில்லை. வந்தவர்களோ வெளியே வந்து, 'ஸ்நோ ஒயிட் எங்கே, காணோமே?' என்று கேட்டார்கள். 1983-ல் சவாரியைத் திருத்தியபோது அவள் உருவத்தைச் சேர்த்துவிட்டார்கள்.

எண்ணம் நல்ல எண்ணம்தான். சொல்லாமல் விட்டதுதான் கோளாறு. 'நீ இப்போது முயல்' என்று குழந்தைக்கு யாராவது சொல்ல வேண்டும், இல்லை ஒரு ஜோடி காதையாவது தலையில் மாட்டிவிட வேண்டும். அதே பூங்காவின் பீட்டர் பேன் சவாரியில் இந்தக் குழப்பம் வரவில்லை. அங்கே வண்டி தரையில் ஓடாமல் மேலே தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு போகும். கதையில் பறக்கிறார்கள், நீங்களும் பறக்கிறீர்கள். யாரும் விளக்க வேண்டியதில்லை. கதையில் நடக்கும் செயலையே வண்டியும் செய்தால் பாதி வேலை முடிந்தது.

இப்போது நம் கதைகளை எடுத்துப் பார்ப்போம்.

சிங்கமும் முயலும். தினமும் ஒரு மிருகம் இரையாகப் போக வேண்டும், ஒருநாள் முயலின் முறை, அது தாமதமாகப் போய், 'வழியில் இன்னொரு சிங்கம் தடுத்தது' என்று சொல்லிக் கிணற்றடிக்குக் கூட்டிப்போகிறது. பொதுவாக இதற்கு என்ன செய்வார்கள்? ஒரு சிங்கம், ஒரு முயல், ஒரு கிணறு, மூன்றுக்கும் பெயின்ட். ஆனால் கதையின் உயிர் எங்கே இருக்கிறது? சின்னது ஒன்று பெரியதை ஏமாற்றுவதில். குழந்தைகளுக்கு இதைவிட இனிப்பான விஷயம் உலகத்தில் கிடையாது. ஆகவே குழந்தைதான் முயல். சிங்கம் யார் என்றால், கூட வந்திருக்கும் அப்பா.

நுழைவிடத்தில் வழி இரண்டாகப் பிரியும். ஒன்று குழந்தை மட்டும் குனிந்து போகக்கூடிய முயல் வளை. இன்னொன்று பெரியவர்கள் நடக்கும் பாதை, வேண்டுமென்றே நாலு சுற்றுச் சுற்றிப் போகும். குழந்தை முன்னால் வந்து கிணற்றடியில் காத்திருக்கும். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு தாமதமாக வருவார். வளையின் சுவரில் ஒரு முயல் குரல் குழந்தைக்கு மட்டும் ரகசியம் சொல்லியிருக்கும்: "அவரக் கெணத்துக்குள்ள பாக்கச் சொல்லு. உறுமச் சொல்லு." அப்பா எட்டிப் பார்ப்பார். தண்ணீர் போலத் தோன்றும் இருட்டுக் கண்ணாடியில் அவர் முகம் தெரியும். உறுமுவார். அரை நொடி கழித்து அவர் குரலே இன்னும் தடித்த குரலாகக் கீழிருந்து திரும்பி உறுமும். ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், குரலைத் தாழ்த்தித் தாமதமாகத் திருப்பி அனுப்பும் ஒரு சின்னக் கருவி போதும். சிமென்ட் சிங்கம் ஒன்றுகூடத் தேவையில்லை.

கிணறு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் வடிவமைப்பின் பெரும்பகுதி இப்படிப்பட்ட சில்லறை விஷயங்களில்தான் இருக்கிறது. ஆழக் கிணறு தோண்டவே கூடாது. உறைக்கிணற்றுக்குப் போடும் சிமென்ட் உறைகளையே அடுக்கி, உள்ளே ஒரு மீட்டர் ஆழம் விட்டால் போதும். அடியில் ஒரு கண்ணாடி, அதற்கு மேலே பாதி ஒளியை மட்டும் திருப்பும் கண்ணாடி, இரண்டுக்கும் நடுவே வட்டமாகச் சின்ன விளக்குகள். பார்ப்பவருக்கு விளக்கு வளையங்கள் அடுக்கடுக்காகப் பாதாளம் வரை போவது போலத் தெரியும். மேல்வாயைத் தடித்த கண்ணாடியால் மூட வேண்டும். உடைந்தாலும் சிதறாத, அடுக்கி ஒட்டிய வகைக் கண்ணாடி. கண்ணாடியைச் சற்றுச் சாய்வாக வைத்தால் மழைநீர் வழிந்துவிடும். கிணற்றுக்கு மேல் கூரை அவசியம். இல்லாவிட்டால் பட்டப்பகலில் வானம்தான் தெரியும், முகம் தெரியாது.

கிணற்றுச் சுவரின் உயரத்தைக் குழந்தையின் கண்ணை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஐந்து வயதுக் குழந்தையின் சராசரி உயரம் ஏறக்குறைய 110 செ.மீ. கண் அதற்குப் பத்து செ.மீ. கீழே இருக்கும். ஆக, கதைப் பகுதியின் உலகம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்து பார்க்கப்படுகிறது. வரைபடம் வரைபவர் ஒருமுறையாவது முட்டி போட்டு அந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டும். நம் பூங்காக்களில் எத்தனையோ நல்ல சுவர் ஓவியங்கள் ஐந்தடிக்கு மேலே இருக்கின்றன. குழந்தைக்கு அங்கே தெரிவது சுவரின் காரை மட்டும்.

சந்து, இடைவெளி, கிராதி எதுவானாலும் இன்னொரு அளவை மனத்தில் வைக்க வேண்டும். 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட சந்து ஆபத்து. உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அளவு அது. அதைவிடச் சின்னதாக வையுங்கள், இல்லையென்றால் தாராளமாகப் பெரிதாக வையுங்கள். முயல் வளையின் ஓட்டைகளுக்கும் இது பொருந்தும்.

போன வழியே திரும்பும் கதை

எந்தச் சவாரியும் ஏறிய இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். வண்டி காலியாகி அடுத்தவர்கள் ஏற வேண்டுமே. பல கதைகளை இந்தச் சட்டத்துக்குள் திணிக்கும்போதுதான் முடிவு சொதப்பும். கதை அரண்மனையில் முடிந்திருக்கும், வண்டியோ டிக்கெட் கவுன்டருக்குத் திரும்பும்.

குரங்கும் முதலையும் கதை இந்த விஷயத்தில் ஒரு வரம். நாவல் மரத்திலிருந்து குரங்கு முதலை முதுகில் ஏறுகிறது, நட்டாற்றில் முதலை உண்மையைச் சொல்கிறது, 'இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேனே' என்று குரங்கு சொல்ல, முதலை திரும்பி மரத்தடிக்கே வருகிறது. ஏறிய இடத்திலேயே இறங்குவதுதான் கதையின் முடிவு! ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியர் உட்கார்ந்து யோசித்து எழுதிய கதை போல இருக்கிறது.

ஆகவே மரத்தடிதான் நிலையம். குழந்தைகள் குரங்குகள். முதலைக்கு நம் ஊர்ப் பேச்சு கொடுக்கலாம். செய்தி வாசிப்பாளர் தமிழில் முதலை பேசினால் யாருக்கும் பயம் வராது, சிரிப்பும் வராது. "இன்னாபா, ஏறிக்கினீங்களா? கெட்டியா புடிச்சிக்கோங்க. அப்பால உய்ந்துட்டா நான் பொறுப்பு இல்ல." நட்டாற்றில் வண்டி நிற்கும், விளக்கு மங்கும், "உங்க இதயத்தத் துன்னணும்னு வூட்ல சொல்லிகிறாங்கபா" என்று முதலை தயங்கித் தயங்கிச் சொல்லும். ஏறுவதற்கு முன்பே மரத்திலிருக்கும் வயதான குரங்கு, மாட்டிக்கொண்டால் என்ன சொல்ல வேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும். எல்லோரும் சேர்ந்து கத்தினால் முதலை திரும்பும். கத்தாவிட்டாலும் திரும்பத்தான் போகிறது. அது குழந்தைகளுக்குத் தெரிய வேண்டியதில்லை.

நிஜத் தண்ணீர் வேண்டுமா என்ற கேள்வி வரும். வேண்டாம் என்பேன். டெங்கு பரப்பும் கொசு பெரும்பாலும் தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். தேங்கிய தண்ணீரை வாரத்துக்கு ஒருமுறையாவது இறைத்துக் காயவிட வேண்டியிருக்கும். வடசென்னையில் தண்ணீருக்கு வேறு உபயோகங்கள் இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பச்சையும் நீலமுமாக உடைந்த டைல்ஸ் பதித்த தரை, அதில் மெல்ல ஏறி இறங்கும் தண்டவாளம், அதன்மேல் சக்கரம் வைத்த முதலை. ஆடி ஆடிப் போனால் ஆறுதான்.

கணக்கையும் போட்டுவிடுவோம். ஒரு முதலையில் ஆறு குழந்தைகள், 45 நொடிக்கு ஒரு முதலை புறப்பட்டால் மணிக்கு 80 புறப்பாடு, 480 குழந்தைகள். சவாரி மூன்று நிமிடம் என்றால் ஒரே நேரத்தில் நாலு முதலைகள் வழியில் இருக்கும். ஏற ஒன்று, இறங்க ஒன்று. மொத்தம் ஆறு முதலைகள் வேண்டும். பழுதுக்கு ஒன்று சேர்த்துக்கொண்டால் ஏழு. ஏறி இறங்க 45 நொடிக்கு மேல் ஆனால் பின்னால் வரும் முதலை நிலையத்துக்கு வெளியே காத்துக்கிடக்கும். சின்னக் குழந்தைகளுக்குப் பெல்ட் மாட்டும் நேரம்தான் எப்போதும் இந்தக் கணக்கைக் கெடுக்கும். கதையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கூட்டல் பெருக்கல் சலிப்பாக இருக்கலாம். ஆனால் காணும் பொங்கல் அன்று சாயங்காலம் வாசலில் நிற்கும் கூட்டத்துக்கு அதுதான் முதல் கேள்வி.

வரிசையில் நிற்கும் நேரத்தை வீணாக்கக் கூடாது. பந்தியில் சோறு வருவதற்கு முன்பே இலை போட்டு, உப்பும் ஊறுகாயும் வைத்துப் பசியைக் கிளப்புவார்களே, வரிசையின் வேலை அதுதான். குரங்கின் மரவீட்டைச் சுற்றி வரிசை வளைந்து போகட்டும். குரங்கு தின்று துப்பிய கொட்டைகள், முதலைக்காக எடுத்து வைத்த நாவல் பழக் கூடை, முதலை மனைவி அனுப்பிய 'வீட்டுக்கு வாருங்கள்' ஓலை. ஏறும்போது யாருக்கும் கதை புதிதாக இருக்காது. கதை தெரியாமல் வரும் குழந்தைகளும் உண்டு, மறந்துவிட வேண்டாம். இந்தத் தலைமுறைக்குச் சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆயா இருக்கிறாரா என்பதே வீட்டுக்கு வீடு மாறும்.

வடை, காக்காய், காற்று

ஆயா என்றதும் வடை வந்தாக வேண்டும். ஆயா வடை சுட்ட கதையைச் சிலையாக வைப்பது எனக்குக் கோபமூட்டும் விஷயம். வடசென்னைத் தெருமுனைகளில் நிஜ ஆயாக்கள் நிஜ வடை சுடுகிறார்கள். பூங்காவின் சிற்றுண்டிக் கடையே அந்தக் கதையாக இருக்கட்டும். சுடுபவர் அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒரு அம்மாவாக இருக்கட்டும். கடைக்கு மேலே கிளையில் ஒரு பொம்மைக் காக்காய், வாயில் ரப்பர் வடை. கீழே நின்று 'நீ ரொம்ப அழகு, ஒரு பாட்டுப் பாடேன்' என்று குழந்தைகள் கெஞ்சினால் வாயைத் திறக்கும், வடை விழும். இங்கே குழந்தைதான் நரி.

விழுந்த வடை மறுபடி காக்காய் வாய்க்குப் போக வேண்டும், ஆளில்லாமல். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பூங்காக்களில் பழுதாகிக் கிடக்கும் விளையாட்டுகளில் பல, ஒருமுறை நடந்தபின் தன்னால் பழைய நிலைக்குத் திரும்பாதவை. மெல்லிய கயிற்றில் கட்டி, பத்து நொடியில் மேலே இழுத்துக்கொள்ளும்படி செய்துவிட்டால் அடுத்த குழந்தைக்குத் தயார். பத்து நொடியை நாற்பது நொடி ஆக்கினால் இரண்டாவதாக வந்த குழந்தை அழுதுகொண்டு போய்விடும். (நிஜக் காக்காய்களும் வரும், நிஜ வடையைத் தூக்கும். அவற்றுக்கு மோட்டார் தேவையில்லை, சம்பளமும் கிடையாது.)

கடையை எங்கே வைப்பது? சென்னையில் மதியத்துக்குமேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். கடை கிழக்குப் பக்கமும் வாசல் மேற்குப் பக்கமும் இருந்தால், டிக்கெட் வாங்குவதற்குள் வடை வாசனை வந்து சேர்ந்துவிடும். கதைப் பகுதிக்குள் நுழைந்துவிட்டோம் என்பதைக் கண்ணைவிட முன்னதாக மூக்கும் காதும் காலும் சொல்லும். தார்ச் சாலை முடிந்து மண்தரை தொடங்குவது, லாரி ஹாரன் தேய்ந்து தவளைச் சத்தம் கேட்பது, எல்லாமே வாசல்தான்.

டிஸ்னிலேண்டைச் சுற்றி ஒரு உயர்ந்த மண்மேடு இருக்கிறது. உள்ளே இருப்பவர் கண்ணுக்கு வெளிச் சாலை தெரியாமல் மறைக்க. ஒரு ஏக்கரில் மண்மேட்டுக்கு இடம் போதாது. மூங்கில் வரிசையும் பூவரசும் வைக்கலாம். பூவரசும் புன்னையும் உப்புக் காற்றைத் தாங்கும்; நாவல் மரம் ஒன்றையாவது இன்றே நட்டுவிட வேண்டும், அது காய்க்கச் சில வருடங்கள் ஆகும். பழம் விழுந்து தரை ஊதாவாகக் கறை படிந்தால் கழுவ வேண்டாம், கதையில் வரும் மரம்தானே. தெருச் சத்தத்தை முழுதாக அடக்க முடியாது. அதனால் சத்தமான கதையைத் தெருப்பக்கமும், கிணற்றை நடுவிலும் வைப்பது புத்திசாலித்தனம். இரண்டு கதைகளின் பாட்டும் வசனமும் ஒன்றோடொன்று கலந்தால் இரண்டும் கெடும். நடுவே ஒரு சின்ன நீர்வீழ்ச்சி வைத்துச் சலசலப்பால் மறைப்பது இந்தத் தொழிலில் பழைய உத்தி. தண்ணீர் வேண்டாம் என்று மேலே சொன்னேன். ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீர் பரவாயில்லை, தேங்குவதுதான் வம்பு.

உயரம் காட்டுவதற்கும் ஒரு வித்தை உண்டு. டிஸ்னிலேண்டின் கோட்டை 77 அடிதான். மேலே போகப் போகக் கற்களையும் ஜன்னல்களையும் சின்னதாக்கியிருப்பதால் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. நமக்கு இது புதிதல்ல. திருவொற்றியூர்க் கோவில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் நிலைகள் மேலே போகப் போகச் சுருங்குவது தெரியும். குரங்கின் மரவீட்டையும் அப்படி மூன்று அடுக்காக, மேலடுக்கைப் பொம்மை அளவுக்குச் சுருக்கிக் கட்டினால் இருபதடி மரம் வானத்தைத் தொடும்.

யாரை வைத்துச் செய்வது?

வடசென்னைக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. காசிமேட்டில் ஃபைபர் படகு செய்பவர்களுக்கும் பழுது பார்ப்பவர்களுக்கும் உப்புக் காற்றில் எது நிற்கும், எது வெடிக்கும் என்பது கைப்பழக்கமாகவே தெரியும். முதலை செய்யத் தனியாக வெளியூர் ஆள் எதற்கு? படகு செய்கிற கை முதலையும் செய்யும். பெரம்பூரில் ரயில்வே பணிமனைகளில் வெல்டிங், சக்கரம், பிரேக் என்று வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்றவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கோபுரச் சுதை வேலை செய்யும் சிற்பிகளும், பேனர் வந்தபின் வேலை இழந்த சுவர் ஓவியர்களும் உண்டு. கடலோரத்தில் சாதாரண இரும்பை வைத்தால் பெயின்டுக்கு அடியிலேயே துரு தின்னும். ஃபைபர், சிமென்ட், நல்ல தரத் துருப்பிடிக்காத எஃகு என்று போவது முதலில் செலவு, பின்னால் நிம்மதி. வண்ணங்களில் சிவப்பை நம்ப வேண்டாம், வெயிலில் சீக்கிரம் வெளிறிப்போகும். உலோகச் சறுக்குமரம் கூடவே கூடாது. மே மாதம் இரண்டு மணிக்கு அதில் உட்கார்ந்த குழந்தை மறுபடி அந்தப் பக்கம் வராது.

மழை வேறு. மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் கணேசபுரம் சுரங்கப்பாதையை அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மின்பெட்டிகள், மோட்டார், ஸ்பீக்கர் எல்லாம் அந்தத் தெருவில் இதுவரை தண்ணீர் நின்ற உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும். அந்த உயரத்தைப் பக்கத்து வீட்டுச் சுவரிலிருக்கும் கறையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்கு முயல் வளை எப்படி என்று இப்போதே கேட்டுவிட வேண்டும், கட்டிய பிறகு கேட்கக் கூடாது. சாய்தளம் ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். வளையின் அகலத்தை நாற்காலி போகும் அளவு வைத்து, உயரத்தை மட்டும் குறைத்தால் உட்கார்ந்து போகும் குழந்தைதான் அங்கே முதலில் போய்ச் சேரும். பார்வை இல்லாத குழந்தைக்கு முதலையின் முதுகுச் செதில், நாவல் கொட்டையின் வழவழப்பு, கிணற்றின் குரல். கதையைக் கையாலும் காதாலும் கட்டியிருந்தால் தனி ஏற்பாடு அதிகம் தேவைப்படாது.

டிவி கார்ட்டூன் உருவங்களைச் சுவரில் வரையலாம் என்று யாராவது சொல்வார்கள். அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும், கட்டணமும் இருக்கும். குரங்கு, முதலை, முயல், ஆயா யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒரு எழுத்தாளர் தன் நடையில் திருப்பி எழுதிய வடிவமும், ஒரு ஓவியர் வரைந்த படமும் அவரவருக்குச் சொந்தம். நம் சட்டப்படி அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள். ஆகவே வசனத்தையும் உருவத்தையும் புதிதாகவே செய்துகொள்ளுங்கள்.

பயம் எவ்வளவு இருக்கலாம் என்று பெற்றோர் கேட்பார்கள். இதயத்தைத் தின்ன நினைக்கும் முதலையை 'கட்டிப்பிடிக்க நினைக்கும் முதலை' ஆக்கிவிட்டால் கதையே இல்லை. பயத்தை வைத்துக்கொண்டு, கூடவே வெளியே போகும் வழியையும் வைக்கலாம்: நிலையத்தில் ஏறாமல் மரவீட்டில் விளையாட ஒரு கிளைப்பாதை, இருட்டான இடத்திலும் அம்மாவின் முகம் தெரியும் அளவு வெளிச்சம். முதல் தடவை கிளைப்பாதையில் ஒதுங்கிய குழந்தை இரண்டாம் தடவை முதலையில் ஏறும். அதற்காகவாவது மறுபடி வரும்.

இத்தனையையும் சிமென்ட் போடும் முன்பே சோதித்துவிடலாம், செலவில்லாமல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தெரு முனையிலோ பள்ளி மைதானத்திலோ சுண்ணாம்புப் பொடியால் ஆற்றை வரையுங்கள். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிதான் முதலை, ஒரு அண்ணன் பின்னாலிருந்து தள்ளட்டும், இன்னொருவர் முதலைக் குரல் கொடுக்கட்டும். பத்துக் குழந்தைகளை விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே கவனம் சிதறுகிறது, எத்தனை பேர் இறங்கியதும் வரிசையின் கடைசிக்கு ஓடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். யாராவது ஒரு குழந்தை 'நான் குரங்கு இல்ல, நான்தான் முதலை' என்று அடம்பிடித்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு முதலைகளில் ஒன்றுக்கு முன்னால் ஒரு ஓட்டுநர் இருக்கை சேர்க்க வேண்டியிருக்கும்.